சின்னம் யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே
வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் வீட்டில் பீடி சுற்றும் பெண்களோடு சேர்ந்து இயங்கும் அமைப்பு எங்களுடையது. இந்தத் தொழிலின் கூலி, சமூகப் பாதுகாப்பு, எதிர்காலம் ஆகியவை குறித்து நாங்கள் எடுத்துள்ள நிலையை இங்கே முன்வைக்கிறோம். பீடி நிறுவனங்கள், மத்திய, மாநில அரசுகள், தொழிற்சங்கங்கள், புகையிலைக் கட்டுப்பாட்டுக்காக உழைப்பவர்கள் ஆகிய எல்லோரையும் நோக்கியே பேசுகிறோம்.

எங்கள் நிலைப்பாடு

முதலாவது: பீடிக்கட்டின் லேபிளில் எந்த நிறுவனத்தின் சின்னம் இருக்கிறதோ, அந்த நிறுவனமே அந்தப் பீடியைச் சுற்றிய பெண்ணின் முதலாளி. நடுவில் எத்தனை ஒப்பந்தக்காரர்கள், எத்தனை கமிஷன் கடைகள் இருந்தாலும் கூலிக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் உடல்நலத்துக்கும் அந்த நிறுவனமே பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது: பீடித் தொழில் சுருங்கிவருகிறது, சுருங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சுருக்கத்தின் சுமையைச் சுற்றும் பெண்களின் தலையில் மட்டும் இறக்கிவைப்பதை ஏற்க மாட்டோம். மாற்று வாழ்வாதாரம் அவர்களின் உரிமை.

வீட்டுக்குள் இருக்கும் தொழிற்சாலை

பீடி இலையை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானா காடுகளில் கோடைக்காலத்தில் ஆதிவாசிக் குடும்பங்கள் பறித்துக் கட்டுகின்றன. புகையிலைத் தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணி வட்டாரத்திலிருந்தும் வருகிறது. இரண்டும் நிறுவனத்தின் கிட்டங்கி வழியாக ஆலங்குளம், பாவூர்சத்திரம், முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம் போன்ற ஊர்களின் பீடிக்கடைகளை வந்தடைகின்றன. கடையில் எடை போட்டு வாங்கிய இலையை வீட்டில் நனைத்து, அளவு வைத்து வெட்டி, தூள் இட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, கட்டுக் கட்டாக அடுக்கித் திரும்பக் கடைக்குக் கொண்டுபோகிறார் ஒரு பெண். அங்கே சரிபார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு நிறுவனம் அதைச் சூட்டில் காயவைத்து, லேபிள் ஒட்டிச் சந்தைக்கு அனுப்புகிறது.

இந்த வழியில் மிகுந்த நேரமும் திறமையும் கேட்கும் வேலை வீட்டில்தான் நடக்கிறது. நாடு முழுவதும் மத்தியத் தொழிலாளர் துறையில் பதிவான பீடித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் வீட்டிலிருந்து உழைப்பவர்கள். மானாவாரி நிலமும் மழையை நம்பிய குளமும் உள்ள எங்கள் ஊர்களில், வயல் வேலை இல்லாத மாதங்களிலும் அடுப்பு எரிவது சுளகில் கிடக்கும் இலையால்தான்.

கூலி எங்கே கரைகிறது

கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. காகிதத்தில் இருக்கும் அந்தத் தொகை முழுதாகக் கைக்கு வருவதில்லை. நான்கு இடங்களில் அது கரைகிறது.

முதல் இடம் தராசு. ஆயிரத்துக்கு என்று கொடுக்கும் இலையில் கிழிசலும் ஓட்டையும் முற்றியதும் கலந்திருந்தால் ஆயிரம் தேறாது. குறையும் இலையை அந்தப் பெண் தன் காசில் வெளியே வாங்கிச் சுற்றி எண்ணிக்கையை நிரப்புகிறார். முதலாளியின் மூலப்பொருளுக்குத் தொழிலாளி பணம் போடும் ஏற்பாடு இது.

இரண்டாவது இடம் கழிவு. சரிபார்ப்பவர் கட்டைப் பிரித்து, பருமன் சரியில்லை, முனை மடங்கவில்லை என்று ஒதுக்குகிறார். ஒதுக்கிய பீடிக்குக் கூலி இல்லை. பல கடைகளில் அந்தப் பீடி திரும்பவும் வருவதில்லை. குறை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குறை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்பவரும் அதனால் லாபம் அடைபவரும் ஒரே தரப்பாக இருக்கக் கூடாது.

மூன்றாவது இடம், கொடுக்கும் இலையையும் வாங்கும் பீடியையும் கடையில் பதியும் பாஸ்புக். மாமியார் பெயரில் உள்ள புத்தகத்தில் மருமகள் சுற்றுகிறார். அக்காள் பெயரில் தங்கை சுற்றுகிறார். புத்தகம் இல்லாதவருக்கு வைப்பு நிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை, தொழிலாளி என்ற அத்தாட்சியும் இல்லை. இருபது ஆண்டு உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போகிறது.

நான்காவது இடம் வீடு. இடம், விளக்கு, தண்ணீர், கத்தரி, சுளகு, சில ஊர்களில் நூல் வரை எல்லாமே தொழிலாளியின் செலவு. நிறுவனம் கட்டாத கட்டடத்துக்கும் கொடுக்காத வாடகைக்கும் ஈடாக அந்தக் குடும்பம் புகையிலைத் தூசியைச் சுவாசிக்கிறது. நிக்கோடின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். கழுத்துவலி, இடுப்புவலி, இருமல், கண்ணெரிச்சல் ஆகியவற்றை எங்கள் கூட்டங்களுக்கு வரும் பெண்கள் வயது வித்தியாசமின்றிச் சொல்கிறார்கள். 2016 முதல் புகையிலைப் பொருள்களின் உறைகளில் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது விதி. புகைப்பவருக்குச் சொல்லும் அந்த எச்சரிக்கையைச் சுற்றுபவருக்கும் சொல்லியாக வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே சொன்னது

வீட்டில் சுற்றுபவர் சுயதொழில் செய்பவர் என்ற வாதம் புதியதல்ல. இலையையும் தூளையும் 'விற்று', சுற்றிய பீடியை 'வாங்குவதாக'க் கணக்கு எழுதினால் முதலாளி என்ற பெயரே மறைந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அந்தக் கதவை மூடப் பார்த்தது. முதலாளியோ ஒப்பந்தக்காரரோ கொடுக்கும் மூலப்பொருளைக் கொண்டு வீட்டில் பீடி செய்பவரையும் அது தொழிலாளி என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. ஒப்பந்தக்காரர் வழியாக வேலை வாங்கினாலும் யாருக்காக வேலை நடக்கிறதோ அவரே முதன்மை முதலாளி என்றது. உச்ச நீதிமன்றம் 1974இல் அந்தச் சட்டம் செல்லும் என்று உறுதி செய்தது. 1985இல், வீட்டில் சுற்றுபவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் மையம், சுற்றிய பீடியைத் தரமில்லை என்று கழிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. கழிக்கும் அதிகாரமே கண்காணிக்கும் அதிகாரம், கண்காணிப்பவரே முதலாளி.

எங்கள் வாதம் முழுவதும் இதில் அடங்கும். கழிக்கும்போது முதலாளியாக இருப்பவர் கூலி கொடுக்கும்போது வெறும் வியாபாரியாக மாறிவிட முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் கரைந்துவிட்டது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, வீட்டிலிருந்து உழைப்பவரை வரையறுக்கும்போது 'முதலாளிக்காக' உற்பத்தி செய்பவர் என்றே சொல்கிறது. ஆனால் அவரை அமைப்புசாராத் தொழிலாளர் வரிசையில் நிறுத்துகிறது. அதில்தான் ஆபத்து இருக்கிறது. நலத்திட்டத்துக்கு விண்ணப்பிப்பவராக மட்டும் அவரைப் பார்த்தால், வைப்பு நிதியும் பணிக்கொடையும் கேட்கும் தொழிலாளி என்ற நிலை நழுவிவிடும். நீதிமன்றத்தில் வென்று எடுத்ததை விதிகளின் வாசகத்தில் இழக்க நாங்கள் தயாராக இல்லை.

நலநிதிக்கு நேர்ந்தது

1976இல் பீடித் தொழிலாளர் நலநிதிக்கும் அதற்கான தீர்வைக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. பீடி உற்பத்தியிலிருந்து வசூலான பணம் மருந்தகமாக, மருத்துவமனையாக, வீட்டு மானியமாக, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையாகத் தொழிலாளிக்குத் திரும்பியது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பீடிக்கு 28 சதவீத வரி விதித்தார்கள், தீர்வையை நீக்கினார்கள். அன்றிலிருந்து இந்தத் திட்டங்கள் மத்திய அரசின் ஆண்டு ஒதுக்கீட்டைப் பார்த்து நிற்கின்றன. முன்பு பீடி விற்றால் நிதி வந்தது. இப்போது பீடி விற்றால் வரி வருகிறது. அதில் தொழிலாளிக்கு இவ்வளவு என்ற உறுதி எங்கும் இல்லை.

புகையிலையும் பிழைப்பும்

பீடி உயிரைக் குடிக்கும் பொருள். இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு, கைத்தொழில் என்பதால் விட்டுவிடலாம் என்ற வாதங்களை நாங்கள் எழுப்ப மாட்டோம். பீடி பிடித்து நோயில் விழுபவர்களும் ஏழைகள்தான். எங்கள் பெண்களின் கணவர்களும் அண்ணன் தம்பிகளும் அவர்களில் உண்டு.

அதே சமயம், இந்தியா 2004இல் ஏற்ற புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, புகையிலைத் தொழிலாளர்களுக்கு மாற்று வாழ்வாதாரத்தை ஊக்குவிக்க வேண்டும் என்று கூறுகிறது. விலை ஏற்றம், வரி, எச்சரிக்கைப் படம் ஆகியவை வேகமாக வந்தன. மாற்று வேலை அந்த வேகத்தில் வரவில்லை. சில நாள் தையல் பயிற்சியும் ஒரு சான்றிதழும் மாற்று வாழ்வாதாரம் ஆகாது. வீட்டைவிட்டு நெடுந்தூரம் போக முடியாத, முதியவரையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண், இன்று பீடியில் ஈட்டுவதைவிடக் குறையாமல் ஈட்டக்கூடிய வேலையே மாற்று. அந்த வேலைக்குச் சந்தையும் இருக்க வேண்டும்.

இது நடக்கக்கூடியதே என்பதற்குக் கேரளத்தில் சான்று உண்டு. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரளம் நடைமுறைப்படுத்தியபோது, பெரிய நிறுவனங்கள் வடகேரளத்தில் கடையை மூடிவிட்டுப் போயின. வேலை இழந்த சுமார் 12,000 பேரில் ஒரு பகுதியினர் 1969இல் மாநில அரசின் துணையோடு கண்ணூரில் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். சட்டப்படியான கூலியும் சலுகைகளும் கொடுத்தே அது வளர்ந்தது. பீடி விற்பனை சரியத் தொடங்கியதும் உணவுப் பொருள்கள், குடை, ஆயத்த ஆடை என்று புதிய தொழில்களுக்கு நகர்ந்தது. தொழிலாளிகளையே உரிமையாளர்களாகக் கொண்ட அமைப்பு, தொழில் மாறும்போது தொழிலாளிகளைக் கைவிடவில்லை.

எதிர்வாதங்களுக்கு எங்கள் பதில்

கூலி உயர்ந்தால் நிறுவனங்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். கேரளத்தில் நடந்ததைச் சொன்ன பிறகு இதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு மாநிலப் பெண்ணின் பட்டினியை இன்னொரு மாநிலப் பெண்ணின் கூலியைக் குறைக்கும் ஆயுதமாக்குவதை, நாடு முழுவதற்கும் ஒரே அடிப்படைப் பீடிக் கூலி நிர்ணயித்தால்தான் தடுக்க முடியும். ஊதியத் தொகுப்புச் சட்டம் தேசிய அடிமட்ட ஊதியத்துக்கு வழி வைத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை மத்திய அரசு பீடிக்குப் பயன்படுத்த வேண்டும்.

வீட்டிலிருந்தே வேலை செய்வது பெண்களுக்கு வசதிதானே என்கிறார்கள். வசதிதான். அந்த வசதிக்கு விலையாகக் கூலியைக் குறைப்பதுதான் அநியாயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கை, வீட்டிலிருந்து உழைப்பவரையும் மற்றத் தொழிலாளிகளுக்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. இந்தியா இன்னும் அதை உறுதி செய்யவில்லை.

எங்கள் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு பீடி நிறுவனமும் தன் சின்னத்துக்காகச் சுற்றும் எல்லாத் தொழிலாளர்களின் பட்டியலையும், இலை கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களின் பட்டியலையும் தொழிலாளர் துறையிடம் கொடுத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

2. உண்மையில் சுற்றுபவர் பெயரிலேயே பாஸ்புக் இருக்க வேண்டும். ஒரே புத்தகத்தில் பலர் சுற்றும் குடும்பங்களில் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு தர வேண்டும். பழைய ஆண்டுகளின் உழைப்பைக் கடைக் கணக்கைக் கொண்டு சரிபார்த்துச் சேர்க்க வேண்டும்.

3. ஆயிரம் பீடிக்கான இலை, தூள் எடையையும் இலையின் தரத்தையும் விதியில் எழுத வேண்டும். தொழிலாளியின் கண்முன் எடை போட வேண்டும். எடை குறைந்தால் நிறுவனமே ஈடுகட்ட வேண்டும்.

4. கழிவுக்கு உச்ச வரம்பு வேண்டும். கழித்த பீடியைத் தொழிலாளியின் முன்னிலையில் அழிக்க வேண்டும். மூலப்பொருள், கழிவு பற்றிய தகராறுகளை விரைவாகத் தீர்க்கும் அதிகாரியின் பெயரும் அலுவலகமும் ஒவ்வொரு பீடிக்கடையிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். புதிய மாநில விதிகளில் இந்த ஏற்பாடு வெளிப்படையாக இடம்பெற வேண்டும்.

5. பீடி மீதான ஜிஎஸ்டி வருவாயில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலநிதிக்கும் மாற்று வேலைக்கும் சட்டப்படி ஒதுக்க வேண்டும்.

6. மாற்று வேலைத் திட்டத்தை எந்த ஊரில் தொடங்கினாலும், முதலில் அங்கே சுற்றும் பெண்களின் கூட்டத்தில் வைத்து அவர்கள் ஒப்புதலைப் பெற வேண்டும். புதிய வேலையில் வருமானம் நிலைக்கும் வரை உதவித்தொகை தர வேண்டும்.

7. வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. அதை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

8. 177ஆம் உடன்படிக்கையை இந்தியா உறுதி செய்ய வேண்டும்.

நாங்கள் செய்யப்போவது

இலை எடையையும் கழிவையும் பெண்கள் தாங்களே எழுதிவைக்கும் கணக்கு நோட்டை ஊர்தோறும் கொண்டுசெல்வோம். தகராறு வந்தால் அந்த நோட்டே எங்கள் சாட்சி. எந்த நிறுவனத்தோடும் பேசத் தயாராக இருக்கிறோம்; பட்டியலை முதலில் கொடுக்கும் நிறுவனத்தை வெளிப்படையாகப் பாராட்டுவோம். புகையிலைக்கு எதிராக இயங்கும் மருத்துவர்களோடு ஒரே மேடையில் நிற்போம்; பீடி சுற்றும் பெண்ணின் கோரிக்கையையும் அதே மேடையில் ஒலிக்க வைப்போம். புதிய விதிகள் எழுதப்படும் இந்த நேரத்தில், முதலாளி என்ற சொல்லுக்கு நேரே சின்னத்துக்கு உரியவரின் பெயர் எழுதப்படும் வரை இந்தக் கோரிக்கைகளிலிருந்து பின்வாங்க மாட்டோம்.