வண்டி துப்பிய வட்டு

வெள்ளவத்தையிலே வசிக்கும் நம் நண்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு நாள் மாலை, கையிலே ஓர் இறுவட்டும் முகத்திலே கடுகடுப்புமாக நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணை, என்ரை காருக்கு என்ன வந்ததெண்டு தெரியேல்லை. கடையிலை வாங்கின பாட்டு வட்டெல்லாம் ஒழுங்காப் பாடுது. அம்மான்ரை வட்டைப் போட்டால் மாத்திரம் நாலு தரம் சுத்திப்போட்டு வெளியிலை துப்புது" என்றார்.

அந்த வட்டின் வரலாற்றைக் கேட்ட பின்னரே கடுகடுப்பின் காரணம் நமக்கு விளங்கிற்று. 1986 ஆம் ஆண்டில் அவர் வளைகுடா நாடொன்றிலே தொழில் பார்த்த காலத்தில், சாவகச்சேரியிலிருந்த அவருடைய தாயார் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக ஓர் ஒலிநாடாவிலே பேசி அனுப்பியிருந்தார். எழுதத் தெரியாத குறையன்று; எழுதினால் மகனுக்குக் குரல் கேளாதே என்ற எண்ணம். அந்த நாடா அலமாரியிலே கிடந்து பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கவே, நண்பர் அதனைக் கடையொன்றிலே கொடுத்து இறுவட்டுக்கு மாற்றுவித்தார். பின்பு நாடா கருவியிலே சிக்கி அறுந்து குப்பைக்குப் போயிற்று. தாயாரும் காலமாகிவிட்டார். இப்பொழுது அக்குரல் இருப்பது இந்த ஒரு வட்டிலே மாத்திரந்தான். யாழ்ப்பாணத்துக்கு வண்டியோட்டிச் செல்லும் நீண்ட வழியிலே அதனைக் கேட்டுக்கொண்டு போகவேண்டுமென்பது அவருடைய ஆசை.

நண்பருடைய கார் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 இலேதான் மீண்டும் வழி திறந்தபடியால், இத்தகைய வண்டிகளை நம்மவர் பலர் இன்றும் பேணி ஓட்டுகின்றனர். இவற்றின் 'செற்'றுக்கு நம் நாட்டிலே இன்னொரு குறையும் உண்டு. ஜப்பானில் பண்பலை வானொலி நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையிலேயே ஒலித்தது. இங்கோ 88 முதல் 108 வரை. இடையிலே ஒரு சிறு கருவி பொருத்தாவிட்டால் நம் நிலையங்களுட் பெரும்பாலானவை அதற்குக் கேளா. ஆகவே அவ்வண்டிக்காரருக்கு இறுவட்டே கதி.

கராஜிலே கேட்டபோது, "லென்ஸ் போய்விட்டது, செற்றையே மாற்றவேண்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டிலே மூத்த மகன் வேறொரு யோசனை சொல்லியிருக்கிறான்: "அப்பா, இது அழித்து எழுதக்கூடிய வட்டு. இதிலுள்ளதை அழித்துவிட்டு ஒரு பாட்டை எழுதிப் பார்ப்போம். அப்போது பிழை வட்டிலா செற்றிலா என்று தெரியும். வட்டு வெறுமையாய் இருக்கிறபடியால்தானே அது துப்புகிறது!" அன்றிரவே அதனைச் செய்வதாக இருந்தானாம். அதைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு திக்கென்றது. நாம் முதலிலே செய்த காரியம், நண்பர் கையிலிருந்த வட்டை வாங்கி நம் மேசை இழுப்பறையிலே வைத்துப் பூட்டியதுதான்.

வண்டி ஒரு வட்டை ஏற்க மறுப்பதற்கும் அவ்வட்டு வெறுமையாய் இருப்பதற்கும் யாதொரு தொடர்புமில்லை. இதனை விளங்கிக்கொள்ள வட்டு எவ்வாறு பேசுகிறது என்பதை அறிதல் வேண்டும். மாணவர்கள் இவ்விடத்திலே சற்றுப் பொறுமையுடன் வருவார்களாக.

1982 இலே கடைகளுக்கு வந்த இறுவட்டு, 12 சென்ரிமீற்றர் அகலமுள்ள பொலிகாபனேற்றுத் தகடு. அதிலே உள்ளிருந்து வெளிநோக்கிச் சுருளாகச் செல்லும் ஒற்றைத் தடம் ஒன்று உண்டு. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைத்தூரம் 1.6 மைக்ரோமீற்றர், தடம் முழுவதையும் நீட்டினால் 5 கிலோமீற்றருக்கு மேல் வரும். தொழிற்சாலையிலே அச்சிட்ட வட்டில் இத்தடமெங்கும் நுண்ணிய குழிகள் இருக்கும். 780 நானோமீற்றர் அலைநீளமுள்ள லேசர் ஒளி அவற்றின்மேல் விழுகையில், குழியிலிருந்து திரும்பும் ஒளியும் சமதரையிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அடக்கிவிடுவதால் வெளிச்சம் குன்றுகிறது. குழியில்லாத இடத்திலே வெளிச்சம் மிகுகிறது. இந்த ஏற்ற இறக்கமே பாட்டு. அலுமினியப் பூச்சு ஒளியில் நூற்றுக்கு 70 பங்குக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். பழைய செற்றுகள் யாவும் இந்த வெளிச்சத்தை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டவை.

வீட்டிலே எழுதும் வட்டிலோ குழியே இல்லை. ஒரு முறை மாத்திரம் எழுதக்கூடிய சீ.டீ.ஆர் வட்டிலே சாயப் படையொன்று இருக்கிறது. எழுதும் லேசர் அதனைச் சுட்டுக் கறுப்பிக்கிறது. குழி செய்யும் வேலையை இந்தக் கறை செய்கிறது. அது திருப்பும் ஒளி அச்சிட்ட வட்டினுடையதை நெருங்கி வரும். ஆகவே பெரும்பாலான செற்றுகள் அதனை ஏற்றுக்கொள்ளும். அழித்தெழுதும் சீ.டீ.ஆர்.டபிள்யூ வட்டு வேறு சாதி. வெள்ளி, இண்டியம், அந்திமனி, தெலூரியம் ஆகியவை சேர்ந்த ஒரு கலப்புலோகம் அதிலே உருகி இறுகி நிலை மாறுகிறது. அது திருப்பும் ஒளி நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு மாத்திரமே. பேரொளியிலே படித்துப் பழகியவனை மங்கிய விளக்கின் முன்னே இருத்தினாற் போல, பழைய செற் அதன்மேல் கண்ணை ஓட்டிப் பார்த்துவிட்டு, வட்டே இல்லையென்று முடிவுகட்டி வெளியே தள்ளிவிடுகிறது.

நண்பருடைய வட்டைத் திருப்பிப் பார்த்தோம். அடிப்பக்கம் கரும் சாம்பல் நிறம். அச்சிட்டது வெள்ளிபோல் பளபளக்கும், சீ.டீ.ஆர் இளம்பச்சையாகவோ, நீலமாகவோ, வெளிறிய பொன்னிறமாகவோ இருக்கும், டீ.வீ.டீ எழுது வட்டிலே பெரும்பாலும் ஊதாச் சாயல் தெரியும். சாம்பல் நிறம் அழித்தெழுதும் வட்டுக்கு உரியது. கடைக்காரர் ஏன் அதிலே எழுதினார் என்று கேட்டோம். "விலை கூடினது எண்டபடியால் நல்லதாய்த்தான் இருக்குமெண்டு நான்தான் கேட்டு வாங்கினனான்" என்றார் நண்பர். அன்பின் மிகுதியால் நேர்ந்த பிழையை யார் கண்டிப்பது?

கணினியிலுள்ள வட்டுக் கருவி மங்கிய ஒளியையும் படிக்கவல்லது. வட்டை அதிலே இட்டதும் இரண்டு பாகங்களும் முழுமையாகத் தெரிந்தன. அவற்றைச் சுருக்காமல் அப்படியே கணினியிலே பதிந்து, வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்தோம். இவ்வளவும் முடிந்த பின்னரே செற்றின் பக்கம் திரும்பினோம்.

புதிதாக ஒரு சீ.டீ.ஆர் வாங்கி எழுதுகையில் நாம் கவனித்தவை மூன்று. முதலாவது, கோப்புகளாக அன்றி ஒலிவட்டாக எழுதினோம். எம்.பீ. 3 கோப்பு கணினிக்கு விளங்கும்; முன்னாளைய செற்றுக்கு விளங்காது. ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகளாக ஒலியைப் பதிந்த வட்டையே அது அறியும். இதனால் 74 அல்லது 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது; தாயார் பேசியது அதற்குள் அடங்கிற்று. இரண்டாவது, எழுதி முடித்ததும் வட்டை மூடி முத்திரையிடும்படி கட்டளை கொடுத்தோம். நூலுக்குப் பொருளடக்கம் போல வட்டின் உட்புறத்திலே ஓர் அட்டவணை இருத்தல் வேண்டும். மூடாத வட்டிலே அது இராது. எழுதிய கருவி தன் தற்காலிகக் குறிப்பைப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கார் செற்றுக்கு அந்தக் குறிப்பு தெரியாது. "கணினியிலே பாடுகிறது, காரிலே பாடவில்லை" என்னும் முறைப்பாடுகளில் பல இதனால் வருபவை. மூன்றாவது வேகம். வட்டின் உறையிலே 52 மடங்கு என்று போட்டிருந்தாலும் 16 மடங்கிலே எழுதினோம். அவசரத்திலே சுட்ட கறைகளின் ஓரம் ஒழுங்காக இராது.

இவ்வளவு செய்தும் நண்பருடைய கார் முதற்பாகத்தைப் பாடி, இரண்டாம் பாகத்திலே திக்கத் தொடங்கிற்று! கராஜிலே சொன்னதிலும் அரைப்பங்கு உண்மை இருந்தது. அச்சிட்ட வட்டைப் பாடுகிற காரணத்தால் செற்றிலே குறையில்லை என்று தீர்த்துவிட முடியாது. லென்ஸிலே தூசு படிந்தாலும், லேசர் முதுமையடைந்தாலும், நல்ல வெளிச்சமுள்ள வட்டு தப்பிப் பிழைக்கும். எழுதிய வட்டே முதலில் அடிபடும். மென்மையான தூரிகை பதித்த துப்புரவு வட்டொன்றை இரு தடவை ஓடவிட்டோம். திக்கல் நின்றது. திரவம் எதனையும் செற்றினுள்ளே ஊற்றலாகாது. நுவரெலியாப் பக்கம் அதிகாலையிலே வட்டு ஏற்காவிட்டால், லென்ஸிலே பனிநீர் படிந்திருக்கவும் கூடும்; சற்று நேரம் பொறுத்துப் போட்டாற் போதும்.

வட்டின்மேல் கடதாசிச் சீட்டு ஒட்டும் பழக்கத்தை நாம் வெறுக்கிறோம். வெயிலிலே நின்ற காரின் சூட்டில் அது உரிந்து உள்ளே ஒட்டிக்கொண்டால் வட்டும் வராது, செற்றும் உதவாது. வட்டின் சாயமும் வெப்பத்துக்கும் வெயிலுக்கும் பகையே. ஆகையால் காரிலே வைப்பது என்றும் பிரதியாக இருக்கட்டும். மூலம் வீட்டிலே இருக்கட்டும். இன்னொன்று: 2000 த்தின் முற்பகுதியிலே சில இசைக் கம்பனிகள் படியெடுப்பதைத் தடுக்கவென்று அச்சிட்ட வட்டுகளையே வேண்டுமென்று பிறழ அமைத்தன. பணம் கொடுத்து வாங்கிய அசல் வட்டு சிலருடைய கார்களிலே பாட மறுத்த வேடிக்கையும் நடந்தது.

நண்பர் சென்ற வெள்ளிக்கிழமை புறப்பட்டார். வவுனியாவிலே தேநீருக்கு நிறுத்தியபோது தொலைபேசியிலே நம்மை அழைத்தார். "அண்ணை, ரெண்டாம் பக்கமும் ஓடுது. நான் காசு அனுப்பப் பிந்தினதுக்கு அம்மா பேசிக்கொண்டிருக்கிறா. பின்னாலை கோழி கத்திறதுகூடக் கேக்குது" என்றார்.