மருந்துப் பனியும் மண் தூசியும்

மார்கழி விடியற்காலையில் விருத்தாசலத்து மணிமுத்தாற்றங்கரையில் நின்று பார்த்தால், பழமலைநாதர் கோவில் கோபுரம் பனியில் பாதி கரைந்தாற்போல் தெரியும். அழகுதான். ஆனால் வீட்டில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருந்தால், அந்தப் பனிக்கு நாம் வைக்கும் பெயர் வேறு! இராத்திரி முழுக்க ‘கொய்ங், கொய்ங்’ என்று இழுப்பு; தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பாட்டி; வெந்நீர் போட எழுந்திருக்கும் மருமகள்.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்திருப்பதும் ஒரு பனிதான் என்பது வேடிக்கை. லத்தீன் பாஷையில் ‘நெபுலா’ என்றால் மூடுபனி. அதிலிருந்து வந்த பெயர்தான் ‘நெபுலைசர்’. ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெட்டி, இப்போது எத்தனையோ வீடுகளில் மிக்ஸிக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. சத்தமும் ஏறக்குறைய மிக்ஸியின் சத்தந்தான்.

மருந்தைப் புகையாகவும் ஆவியாகவும் இழுப்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியாத சங்கதியல்ல. அதற்கு யந்திரம் செய்தவர்களில் முக்கியமானவர் பாரிஸ் நகரத்து டாக்டர் ஸால்-ஜிரோன். 1858-ல் அவர் செய்தது கையால் பம்பு அடிக்கிற கருவி. இன்று மின்சாரம் பம்பு அடிக்கிறது, தத்துவம் அதேதான். பெட்டிக்குள் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை வேகமாகக் குழாய் வழியே தள்ளுகிறது. அந்தக் காற்று கிண்ணத்திலுள்ள திரவ மருந்தைச் சிதற அடித்துப் பனியாக்குகிறது.

எவ்வளவு சின்னத் துளி தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மருந்துத் துளி 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருந்தால்தான் மூக்கையும் தொண்டையையும் தாண்டி, மார்புக்குள் கிளை கிளையாகப் பிரியும் குழல்களுக்குள் போய்ச் சேரும். நம் தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தக் கணக்கை விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்வதில் ஒரு காரணம் இருக்கிறது. இது பீங்கான் ஊர். பீங்கான் தொழில் நுட்பம் சொல்லிக் கொடுக்கும் அரசாங்கக் கல்விக்கூடமே இங்கே உண்டு. கொலுவுக்கு நாம் பேரம் பேசி வாங்கும் பொம்மையும், மின்சாரப் பலகையிலே மாட்டும் பீங்கான் சாமானும் செய்ய வெள்ளைக் களிமண்ணோடு வெங்கச்சங்கல்லையும் மாவாக அரைத்துச் சேர்ப்பார்கள். அந்தக் கல்மாவில் இருப்பது சிலிக்கா. மாவைக் கொட்டும்போதும், காய்ந்த பொம்மையின் ஓரத்தைச் சுரண்டிச் சீராக்கும்போதும், சாயங்காலம் தரையைப் பெருக்கும்போதும் பறக்கிற தூசியில், கண்ணுக்குத் தெரிகிற பெருந்தூசி அவ்வளவு பொல்லாததல்ல. மூக்கிலேயே சிக்கிக்கொள்ளும், தும்மினால் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத 5 மைக்ரான் தூசிதான் எமன். மருந்துப் பனி போகிற அதே பாதையில், அதே ஆழத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. மருந்து கரைந்துவிடும், கல் கரையாது. அதைச் சுற்றி நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறி இறுகிப்போவதற்குத்தான் ‘சிலிக்கோசிஸ்’ என்று பெயர். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, கண்டால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற பட்டியலில் இடம் பெற்ற வியாதி இது. இது வந்தவர்களைக் காசநோயும் சுலபத்தில் பற்றிக்கொள்ளும்.

ஆகையால், “இராத்திரி மிஷின் வைத்துக்கொண்டேன், மார்பு லேசாகிவிட்டது, காலையில் பட்டறைக்குப் போகலாம்” என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டு அம்மாள் சற்று யோசிக்க வேண்டும். ஆஸ்துமாவினால் சுருங்கிய குழலை ‘ஸால்புடமால்’ போன்ற மருந்து விரிக்கும். மூச்சு விடச் சுகமாக இருக்கும். படிந்த கல்லை எந்த மருந்தும் கழுவி வெளியே கொண்டுவராது.

சரி, டாக்டர் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு மிஷின் வந்துவிட்டது. எப்படி உபயோகிப்பது? நோயாளி நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்துக்கொண்டு அல்ல. டாக்டர் சொன்ன மருந்து, சொன்ன அளவு. கலக்கச் சொல்லியிருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமான ஸலைன்தான். குழாய்த் தண்ணீர் கூடாது, காய்ச்சி ஆறவைத்ததும் கூடாது. மூடியை முகத்தோடு ஒட்டி வைத்து, வாயால் நிதானமாக மூச்சு விடச் சொல்லுங்கள். ஐந்து பத்து நிமிஷத்தில் பனி அடங்கி, கிண்ணம் படபடவென்று துப்ப ஆரம்பிக்கும். முடிந்தது.

குழந்தை அழுகிறதே என்று மூடியை நாலு விரற்கடை தள்ளிப் பிடிக்கிற தாய்மார்கள் உண்டு. பாசம் புரிகிறது; ஆனால் மருந்தில் பெரும் பங்கு அறைக்குத்தான் வைத்தியம் செய்யும்! மடியில் உட்கார வைத்து, கதை சொல்லி, ஒட்டியே பிடியுங்கள்.

இன்னொன்று. “கொஞ்சம் தைலம் விட்டால் இன்னும் நன்றாகக் கேட்கும், அத்தை” என்று சொல்லும் அண்டை வீட்டு வைத்தியர்களிடம் ஜாக்கிரதை! யூகலிப்டஸ் தைலமோ, கற்பூரமோ, எந்த எண்ணெயோ இந்தக் கிண்ணத்தில் ஒரு சொட்டும் விழக்கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே ஒரு நிமோனியாவை உண்டாக்கும். தைலத்தை நெற்றியில் தடவிக்கொள்ளட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சுத்தம் விஷயத்தில் நம் பெண்மணிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் கிண்ணத்தை மட்டும் ‘மருந்துதானே’ என்று கழுவாமல் வைத்துவிடுகிறார்கள். ஈரம் தங்கிய கிண்ணத்தில் கிருமி வளரும். அடுத்த தடவை அதையே பனியாக்கி நேரே நுரையீரலுக்குள் அனுப்புகிறோம். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தையும் மூடியையும் சோப்புத் தண்ணீரில் அலம்பி, சுத்தமான துணி மேல் கவிழ்த்துக் காயவிட வேண்டும். நீண்ட குழாயைத் தண்ணீரில் போட வேண்டாம். உள்ளே ஈரம் தெரிந்தால் வெறும் காற்றை ஓடவிட்டால் காய்ந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் கேட்டால் பெட்டியைக் கொடுங்கள். கிண்ணமும் மூடியும் ஆளுக்கு ஒன்று. மருந்தில் ‘புடெசொனைட்’ போன்ற ஸ்டீராய்டு இருந்தால், பிறகு வாய் கொப்பளித்து முகமும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.

மிஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதில் ஒரு மோசமும் இருக்கிறது. மருந்து வைத்தால் நாலு மணி நேரமாவது தாங்க வேண்டும். இரண்டு மணியிலேயே மறுபடி இழுக்கிறது, மறுபடி வைக்கிறோம் என்றால், வியாதி ஏறிக்கொண்டிருக்கிறது. மிஷின் அதை மூடி மறைக்கிறது. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை, விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாரிக்கிறது, ஆள் அசந்து தூங்கி விழுகிறார் — இவற்றில் ஏதாவது ஒன்று கண்டால் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வருகிற வரையில் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

மிஷின் வாங்க வசதியில்லை என்று வருந்துகிறவர்களுக்கும் ஒரு செய்தி. 1955-ல் அமெரிக்காவில் மருந்துக் கம்பெனித் தலைவர் ஒருவரின் பதின்மூன்று வயதுப் பெண், “தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் ஆஸ்துமா மருந்தையும் டப்பாவில் அடைத்தால் என்னப்பா?” என்று கேட்டாளாம். மறு வருஷமே கைக்கடக்கமான இன்ஹேலர் வந்துவிட்டது. சாதாரண இழுப்புக்கு, ‘ஸ்பேசர்’ என்கிற பிளாஸ்டிக் கூட்டோடு சேர்த்து இன்ஹேலரைச் சரியாக உபயோகித்தால், பெரிய மிஷினுக்குச் சமமாகவே வேலை செய்கிறது. “இன்ஹேலர் பழகினால் விடாது” என்பது வீண் பயம். விடாமல் இருப்பது ஆஸ்துமா, இன்ஹேலர் அல்ல. கைக்குழந்தை, மிகவும் தளர்ந்தவர், கடுமையான இழுப்பு, இவர்களுக்கு மிஷின் தேவைப்படலாம். அதை டாக்டர் சொல்லட்டும்.

பீங்கான் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இன்னும் இரண்டு காரியம். அவருடைய சட்டையை வாசலில் நின்று உதறாதீர்கள். நனைத்த பிறகே துவையுங்கள். பட்டறையிலும் தண்ணீர் தெளித்த பிறகு பெருக்கச் சொல்லி, துண்டுக்குப் பதிலாக என்-95 மூடியைக் கட்டச் சொல்லுங்கள். துண்டின் இழைக்குள் அந்தத் தூசி சுலபமாக நுழைந்துவிடும். டாக்டரிடம் போகும்போது, “ரொம்ப நாளாய் இருமல்” என்பதோடு நிறுத்தாமல், “பீங்கான் பட்டறையில் இத்தனை வருஷம், இன்ன வேலை” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அவர் சீட்டில் ஏறும்.