கொக்கியால் இழுத்த உடல்

பேய்ப்படத்துக்கெல்லாம் தலையங்கமா என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நிலம், கூலி, கோயில் நுழைவு, போலீஸ் அத்துமீறல் என்று எழுத வேண்டியவை வரிசையில் நிற்கும்போது, அமெரிக்காவில் 1968இல் வந்த ஒரு மலிவான கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இந்தப் பக்கத்தை ஏன் கொடுக்க வேண்டும்? ஒரு கொலை நடக்கிறது. பார்த்தவர்கள் எல்லாவற்றையும் பேசுகிறார்கள், கொலையைத் தவிர. இது நமக்குப் பழக்கமான சங்கதி. அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தின் பெயர் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. செத்தும் சாகாதவர்களின் இரவு என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்தவர் ஜார்ஜ் ரொமேரோ. பிட்ஸ்பர்க் நகரத்தில் நண்பர்களோடு சேர்ந்து விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். ஆளுக்கு 600 டாலர் போட்டுப் பத்துப் பேராகத் தொடங்கினார்கள். கடைசியில் மொத்தச் செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர். ஹாலிவுட் கணக்கில் இது சில்லறைக் காசு. எவான்ஸ் சிட்டி என்ற சிற்றூரின் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டில் 1967இல் படப்பிடிப்பு. ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. பிணங்கள் தின்னும் குடலும் ஈரலும் கறிக்கடையிலிருந்து வந்தன. கூட்டமாக வரும் பிணங்களாக நடித்தவர்களில் பலர் ஊர்க்காரர்களும் தெரிந்தவர்களும்.

கதை சின்னது. வெள்ளிக் கிரகத்துக்குப் போய்த் திரும்பிய விண்கலம் ஒன்று கொண்டுவந்த கதிர்வீச்சுதான் காரணமாக இருக்கலாம் என்று படத்துக்குள் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். விஞ்ஞானிகளும் ராணுவ அதிகாரிகளும் கேமரா முன்னாலேயே சண்டை பிடிக்கிறார்கள். எது எப்படியோ, செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டில் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறு பேர் வெள்ளையர்கள். ஒருவன் கறுப்பன், பெயர் பென். கதவுக்கும் சன்னலுக்கும் பலகை அடிப்பவன் அவன். வானொலியைத் தேடுபவன், துப்பாக்கியைத் தேடுபவன், பிரமை பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குச் செருப்பு தேடிக் கொண்டுவந்து கொடுப்பவன் எல்லாம் அவன்தான். கூப்பர் என்ற நடுத்தர வயது வெள்ளைக்காரக் குடும்பத் தலைவனோ நிலவறையில் போய்ப் பூட்டிக்கொள்ளச் சொல்கிறான். வெளியே போய்விட்டு ஓடிவரும் பென்னுக்குக் கதவைத் திறக்காமல் நிற்கிறான். வெளியே இருக்கிற பிணங்கள் மெதுவாகத்தான் வருகின்றன. உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் முடிப்பதுதான் வேகமாக நடக்கிறது.

விடியும்போது வீட்டில் உயிரோடிருப்பவன் பென் ஒருவன்தான். வெளியே நாய் குரைக்கிறது, துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. ஷெரிஃபும் ஊரார் கூட்டமும் பிணங்களைச் சுட்டுக்கொண்டே வருகிறார்கள். உதவி வந்துவிட்டது என்று பென் சன்னலண்டை வருகிறான். நெற்றியில் குண்டு. நீ யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டாளியின் குறியை மெச்சிவிட்டு, நெருப்புக்கு இன்னொன்று என்கிறார் ஷெரிஃப். அதற்குப் பிறகு படம் ஓடுவதில்லை. நின்றுபோன புகைப்படங்களாக வருகிறது, செய்தித்தாளில் அச்சான படங்களைப் போல, புள்ளி புள்ளியாக. கறிக்கடைக் கொக்கியைக் கையில் பிடித்த மனிதர்கள். பென்னின் உடல். விறகு அடுக்கு. தீ.

கொக்கியைக் கவனியுங்கள். அந்த உடலைக் கையால் தொடவில்லை. தொடாமல் எப்படி இழுப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்து, அதை அஞ்சலட்டையாக அச்சடித்து விற்ற வரலாறு உண்டு. 1963இல் பர்மிங்காமில் உரிமை கேட்டு வந்த பிள்ளைகள்மீது போலீஸ் நாய்களை ஏவியதைப் பத்திரிகைப் படங்களில் உலகமே பார்த்தது. நாய், துப்பாக்கி, கூட்டம், நெருப்பு, புகைப்படம்: இந்த ஐந்தையும் ஒன்றாகப் பார்த்த கறுப்பு மனிதர் எவருக்கும் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

ஆனால் விமர்சகர்களுக்கு? படம் 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் வெளியானது. 'வெரைட்டி' என்ற திரைத்தொழில் பத்திரிகை, எடுத்தவர்கள், விநியோகித்தவர்கள், திரையிட்டவர்கள் எல்லாருடைய சமூகப் பொறுப்பையும் கேள்விக்குள்ளாக்கியது. காரணம், படத்தின் குரூரம். சிகாகோவில் ரோஜர் ஈபர்ட் 1969 ஜனவரியில் எழுதினார்: மதியக் காட்சிக்குப் பெற்றோர் கொண்டுவந்து விட்டுப்போன சிறு பிள்ளைகள் தியேட்டருக்குள் உறைந்துபோய் அழுதார்கள் என்று. அதே ஆண்டு அந்தக் கட்டுரையை 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' எடுத்துப் போட்டு வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. பிள்ளைகள் அழுதது உண்மை. வயதுவாரித் தரச்சான்று முறையே 1968 நவம்பரில்தான் அங்கு வந்தது. ஈபர்ட்டின் கவலையை நான் கேலி செய்யவில்லை. கேட்பது வேறு. குடல் தின்றது கண்ணை உறுத்தியது. குழந்தை தாயைக் குத்தியது உறுத்தியது. ஒரு கறுப்பு மனிதனை அரசாங்கத்தின் ஆட்கள் விசாரிக்காமல் சுட்டு எரித்தது மட்டும் ஏன் பெரிய விவாதமாகவில்லை? அது அவர்களுடைய பொதுப்புத்திக்கு உறுத்தாத காட்சி. தினசரியில் காலையில் காப்பியோடு பார்த்துப் பழகிய காட்சி.

நகரங்களின் உட்பகுதித் தியேட்டர்களில், கறுப்பு மக்கள் வாழும் தெருக்களில், படம் திரும்பத் திரும்ப ஓடியது. போட்ட காசைப் போலப் பல மடங்கு வசூலானது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1970இல் திரையிட்டது. அதன் பிறகுதான் பெரிய மனிதர்களின் கண்ணாடி மாறியது. வியட்நாம், இனவெறி, குடும்பத்தின் அழுகல் என்று பிரதிக்குள் போய் வாசிக்கத் தொடங்கினார்கள். 1999இல் பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். முப்பது வருஷம் ஆயிற்று. சன்னலில் நின்றவன் பிணமில்லை என்று முதல் நாளே தெரிந்தவர்களிடம் அப்போது யாரும் விமர்சனம் கேட்டு வாங்கவில்லை.

இங்கே இன்னொரு பேச்சு உண்டு. அதைத்தான் மாணவத் தோழர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். பென் கறுப்பன் என்று திரைக்கதையில் எழுதவில்லை, தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ்தான் நன்றாக நடித்தார், அதனால் எடுத்தோம், நிறத்தைப் பார்க்கவே இல்லை என்று ரொமேரோ கடைசிவரை சொல்லிவந்தார். நான் இதை நம்புகிறேன். பொய் சொல்ல அவருக்கு அவசியமில்லை. படத்துக்குள்ளும் பென்னின் நிறத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்வதில்லை. கறுப்பரும் வெள்ளையரும் மணம் செய்வதைத் தடுத்த மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1967 ஜூனில்தான். அதே வருஷம் எடுத்த படத்தில் கறுப்பனும் வெள்ளைக்காரப் பெண்ணும் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறார்கள்; அவன் அவளை அறைகிறான்கூட. யாரும் வாய் திறக்கவில்லை.

"நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க" என்று நம்மிடமும் சொல்கிறார்கள். விடுதியில், வகுப்பறையில், அலுவலகத்தில், சில நேரம் முற்போக்கு மேடையிலும். சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் பார்க்காததால் ஊர் பார்க்காமல் இருந்துவிடுமா? எழுதியவர் நிறம் பார்க்கவில்லை, சரி. துப்பாக்கி பார்க்கிறது. கொக்கி பார்க்கிறது. பார்க்கவில்லை என்று சொல்வது அவருக்குக் கிடைத்த வசதி. அந்த வசதி டுவேன் ஜோன்ஸுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பேசுவது அநியாயம். இலக்கியம் படித்தவர், ஆசிரியர், நாடகக்காரர். முதலில் எழுதிய பென் முரட்டுப் பேச்சுப் பேசும் லாரி ஓட்டுநர். அந்தப் பேச்சை ஜோன்ஸ் ஏற்கவில்லை. வசனங்களைத் தன் மொழிக்கு மாற்றினார். நிதானமாக, தெளிவாகப் பேசும் பென் அவர் உண்டாக்கிய மனிதன். வெள்ளைக்காரப் பெண்ணை அறையும் காட்சிக்கு வெளியே என்ன விலை என்று யோசித்தவரும் அவர்தான். ஒரு இரவு இளைஞர்கள் சிலர் இரும்புக் கம்பியோடு காரில் துரத்தியதைப் பின்னாளில் பேட்டியில் நினைவுகூர்ந்தார். படத்தில் அவர் கையில் அதே மாதிரிக் கம்பி. எடுக்கும் பேய்க்கதையைவிட நாட்டின் நிஜம் பெரிய கெட்ட கனவாக இருந்தது அவருக்கு. பென்னைப் பிழைக்க வைக்கலாம் என்ற யோசனை வந்தபோது, நடந்ததெல்லாம் நடந்த பிறகு அப்படிப் போலியாகக் காப்பாற்றினால் கறுப்பு மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று வாதாடியதாகவும் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த முடிவின் அர்த்தத்தில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு. புகழ் இயக்குநருக்குப் போனது. ஜோன்ஸ் பாடம் நடத்தப் போனார், கறுப்பு நாடகக் குழுக்களைக் கட்டினார், 1988இல் இறந்தார்.

படம் முடிந்து பிரதியை எடுத்துக்கொண்டு, வாங்க ஆள் தேடி, ரொமேரோவும் நண்பரும் நியூயார்க்குக்குக் காரில் போனார்கள். அன்று 1968 ஏப்ரல் 4. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியைக் கார் வானொலியில் கேட்டார்கள். அடுத்த சில நாட்கள் பிட்ஸ்பர்க்கின் கறுப்பர் பகுதியான ஹில் டிஸ்ட்ரிக்ட் எரிந்தது, ராணுவக் காவல் இறங்கியது. ஊருக்குள் இது நடந்து ஆறு மாதத்தில் அதே நகரத்துத் திரையில் பென் விழுந்தான். அதன் பிறகும் அது வெறும் பேய்ப்படம் என்றால் பேய் யார் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

நடக்கும் பிணம் என்ற கற்பனையே எங்கிருந்து வந்தது தெரியுமா? ஹெய்த்தியிலிருந்து. கரும்புத் தோட்டத்து அடிமைகளின் தீவு அது. சாவுகூட விடுதலை தராது, செத்த பிறகும் எழுப்பி எஜமானின் வயலில் வேலை வாங்குவார்கள் என்ற அச்சம் அந்த நம்பிக்கைக்குள் இருக்கிறது. அமெரிக்க ராணுவம் 1915இலிருந்து 1934வரை அந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில்தான் ஜாம்பியைத் தூக்கி வந்து ஹாலிவுட்டில் வித்தை காட்டினார்கள். 1932இல் 'ஒயிட் ஜாம்பி' வந்தது. உழைத்தவனின் துயரத்தை எஜமானின் பயமாக மாற்றிவிட்டார்கள். ரொமேரோவின் படத்தில் அந்தச் சொல் வரவில்லை என்றாலும் அந்த வம்சம்தான்.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஒன்று. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஓக்லாந்தில் 1966இல் எழுந்த கருஞ்சிறுத்தைகளின் பெயரை 1972இல் பம்பாய்ச் சேரிகளின் இளைஞர்கள் தலித் சிறுத்தைகள் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் மதுரை வழியாக நம்மிடமும் வந்தது. நாம் அவர்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். இரண்டு ஒடுக்குமுறையும் ஒன்றில்லை. சாதியை நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெயர், தெரு, தொழில் என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை மறக்காமல்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2017இல் ஜோர்டன் பீல் என்ற கறுப்பு இயக்குநர் 'கெட் அவுட்' எடுத்தார். கடைசியில் போலீஸ் வந்து நாயகனைப் பிடித்துக்கொண்டு போவதாக முதலில் ஒரு முடிவைப் படமாக்கியிருந்தார். பிறகு மாற்றினார். காரின் சுழல் விளக்கு தெரிந்ததும் பார்க்கிறவனுக்கு நெஞ்சு நின்றுவிடுகிறது, இறங்குவது நண்பன். பென்னின் சாவைத் தெரிந்தவர்களுக்கே அந்த ஒரு நிமிஷத்தின் கனம் முழுதாகப் புரியும். ஐம்பது வருஷத்தில் நடந்த மாற்றம், கேமராவுக்குப் பின்னால் யார் என்பது. அந்தச் சுழல் விளக்கு இன்னும் நிஜத் தெருவில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. விநியோகஸ்தர்கள் படத்தின் பெயரை மாற்றியபோது உரிமை அறிவிப்பு வரி விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லையென்றால் உரிமை இல்லை. எடுத்தவர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். படமோ பொதுச்சொத்தாகி ஊரெல்லாம் பரவியது. இன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, 96 நிமிடம். விடுதியில், படிப்பு வட்டத்தில் போட்டுப் பாருங்கள். முடிந்ததும் எழுந்து போகாமல், அந்தப் புகைப்படங்கள் ஓடி முடியும்வரை உட்காருங்கள். பிறகு ஒருவரையொருவர் கேளுங்கள்: நம் ஊரில் கடைசியாக எரித்த வீட்டைப் பற்றிய செய்தியில் எந்த எழுத்து பெரிதாக இருந்தது, எந்தப் பெயர் விடுபட்டிருந்தது? பேசியதை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.