குழிக்குள் ஒரு பூ



"ஏதாவது எழுதிக் கொடுடா, கவிதை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நாற்பது வந்து கிடக்கு" என்றார்கள் மலர்க் குழுவினர். அதனால் கவிதை எழுதவில்லை. உலகத்திலேயே படு மோசம் என்று பெயர் வாங்கின ஒரு வீடியோ கேமைப் பற்றி, அதுவும் அதற்குப் பரிந்துகொண்டு, நாலு பக்கம் எழுதப் போகிறேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன்.

முதலில் எங்கள் தொட்டிக் கதை. எலக்ட்ரானிக்ஸ் பிரிவுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். போன செமஸ்டர் எக்ஸிபிஷனில் எங்கள் பேட்ச் நாலு பேரும் சேர்ந்து தண்ணீர் மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வைத்தோம். இரண்டு பக்கெட், ஒரு கூலர் மோட்டார், ஒரு ரிலே, நடுவில் 8051. கீழ் பக்கெட் சம்ப். மேல் பக்கெட் ஓவர்ஹெட் டேங்க். மேலே தண்ணீர் நிரம்பினால் மோட்டார் தானாக அணைய வேண்டும். அணைந்தது. ஆனால் உடனே மறுபடி ஓடியது. மறுபடி அணைந்தது. தண்ணீர் அலையடித்து மேல் புரோபைத் தொட்டால் ஆஃப், அலை இறங்கினால் ஆன். ரிலே டக் டக் டக் டக் என்று தந்தி அடிக்க ஆரம்பித்தது. பார்க்க வந்த ஃபர்ஸ்ட் இயர் பசங்க அதற்கு "டக்டக் தொட்டி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். மூன்று நாள் மெஸ்ஸில் தலை காட்ட முடியவில்லை.

அன்று ராத்திரி என் ரூம்மேட், மெக்கானிக்கல்காரன், லேப்டாப்பைத் திறந்துகொண்டு வந்தான். "மாப்ள, உங்க தொட்டியை விட டப்பாவா ஒண்ணு காட்டட்டுமா? பார்த்தா மனசு ஆறிடும்" என்றான். அவன் காட்டியதுதான் ஈ.டி.

1982 ஜூனில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த ஈ.டி. படம் வந்தது. பூமியில் மாட்டிக்கொண்ட வேற்றுக்கிரகத்துக் குட்டி, எலியட் என்ற பையனோடு சிநேகமாகி, கடைசியில் வீடு திரும்பும் கதை. படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த அட்டாரி கம்பெனி, தன்னுடைய 2600 மெஷினுக்கு அதை விளையாட்டாக்கும் உரிமையை வாங்கியது. இரண்டு கோடி டாலருக்குக் குறையாமல் கொடுத்ததாகச் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குச் சரக்கு கடைக்கு வந்தாக வேண்டும். பேரம் முடிவதற்குள் ஜூலை ஓடிவிட்டது. ஜூலை 27-ம் தேதி ஹோவர்டு ஸ்காட் வார்ஷா என்ற புரோகிராமருக்கு போன் போகிறது: செப்டம்பர் 1-க்குள் முடித்துத் தர முடியுமா? ஐந்து வாரம்! அவர் அதற்கு முன் செய்த 'யார்ஸ் ரிவெஞ்ச்', 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' இரண்டுக்கும் மாதக்கணக்கில் நேரம் கிடைத்திருந்தது. இருந்தும் மனிதர் முடியும் என்றார். வீட்டுக்கே ஒரு மெஷினைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு ராப்பகலாக உட்கார்ந்தார்.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. சுமார் 40 லட்சம் கேட்ரிட்ஜ் அடித்தார்களாம். கிறிஸ்துமஸுக்கு வாங்கின பிள்ளைகள் விளையாடிப் பார்த்து வெறுத்துப்போனார்கள். மலை மலையாகச் சரக்கு தேங்கியது. 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமோகார்டோ ஊர்க் குப்பைக் கிடங்கில், மற்ற விளையாட்டுச் சரக்கோடு லாரி லாரியாகக் கொட்டி மூடினார்கள். அந்த வருடம் அமெரிக்க வீடியோ கேம் வியாபாரமே படுத்தது. பழியை இந்த ஒரு குட்டி தலையில் கட்டினார்கள். கடைகளில் ஏற்கெனவே கண்ட கண்ட கம்பெனிச் சரக்கும் நிரம்பி வழிந்ததை யாரும் பேசுவதில்லை.

சரி, விளையாடினேன். ஈ.டி. வீட்டுக்கு போன் பேச வேண்டும். போன் மூன்று துண்டாக உடைந்து குழிகளுக்குள் கிடக்கிறது. குழியில் இறங்கி எடுக்க வேண்டும். நடந்தால் சக்தி குறையும், மிதந்தால் குறையும், விழுந்தால் குறையும். 9999-இல் ஆரம்பிக்கிற எண் கண் முன்னால் கரைகிறது. குழியிலிருந்து பட்டனை அமுக்கினால் கழுத்து நீண்டு மிதந்து மேலே வரும். வந்தவுடன் திரும்ப அதே குழியில் பொத்தென்று விழும். மறுபடி மிதந்து, மறுபடி பொத். நாங்கள் இரண்டு பேரும் கட்டிலில் உருண்டு சிரித்தோம். பத்தாவது தடவையோ என்னவோ, எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பொத் எங்கேயோ கேட்ட டக் மாதிரி இருந்தது...

மறுநாள் தனியாக உட்கார்ந்து, இந்த விளையாட்டோடு வந்த கையேட்டைத் தேடிப் படித்தேன். அங்கேதான் விஷயம் திரும்பியது. திரையின் உச்சியில் அடிக்கடி மாறுகிற ஒரு சின்னம் இருக்கு. முதல் நாள் அதை நாங்கள் கவனிக்கவே இல்லை. ஈ.டி. நிற்கிற இடத்தைப் பொறுத்து அது மாறும். ஒரு இடத்தில் கேள்விக்குறி: அங்கே நின்று பட்டனை அமுக்கினால், இந்தத் திரையில் போன் துண்டு எந்தக் குழியில் இருக்கு என்று தெரியும். இன்னொரு இடத்தில் அம்புக்குறி: அடுத்த திரைக்கு ஒரே தாவு. எலியட்டைக் கூப்பிட ஓர் இடம், விரட்டி வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப ஓர் இடம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துண்டுகள் இடம் மாறும். அதாவது இது ஓடிப் பிடிக்கிற விளையாட்டு இல்லை, தேடுகிற விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் குழியிலும் விழுந்து எழுந்தது எங்கள் முட்டாள்தனம். (ரெக்கார்டு நோட்டைக் கடைசி நாளில் பார்த்து எழுதுகிற நமக்குக் கையேடு படிக்கிற பழக்கம் எங்கே?)

இன்னொன்று. ஆறு இடங்கள்: ஒரு காடு, ஒரு நகரம், குழிகள் உள்ள நாலு வெளி. இது ஒரு கனசதுரத்தின் ஆறு பக்கம் மாதிரி ஒட்டப்பட்டிருக்கு. பேப்பரில் வரைந்து பார்த்தபோது அசந்துபோனேன். அப்புறம், இதில் சுடுவது கிடையாது. எஃப்.பி.ஐ. ஆள் பிடித்தால் போன் துண்டைப் பறிப்பான், விஞ்ஞானி பிடித்தால் ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான். துப்பாக்கி இல்லாமல் ஒரு விளையாட்டை 1982-இல் யோசித்திருக்கிறார். பாக்-மேன் மாதிரி ஏதாவது செய்யலாமே என்று ஸ்பீல்பெர்க்கே கேட்டாராம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிச்சிருக்கு.

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். அட்டாரி 2600-இல் ரேம் எவ்வளவு தெரியுமா? 128 பைட். கிலோ பைட் இல்லை, வெறும் பைட்! நம்ம 8051 உள்ளே இருக்கிறதும் அதே 128-தான். அதில் டிராஃபிக் லைட் எக்ஸ்பெரிமெண்ட் எழுதவே நாம் ஸ்டாக் எங்கே வைப்பது என்று முழித்தோம். அட்டாரியிலும் ஸ்டாக் அந்த 128-க்குள்ளேயேதான். திரைக்கென்று தனி மெமரி கிடையாது. 160-க்கு 192 புள்ளி என்று வைத்துக்கொண்டு, புள்ளிக்கு ஒரே பிட் என்று கணக்குப் பாருங்கள்: 3840 பைட். இருக்கிற ரேமைப் போல முப்பது மடங்கு! அப்போ படம் எப்படி வருது? டி.வி.யின் எலெக்ட்ரான் கற்றை ஒரு வரியை வரைந்துகொண்டு போகும்போதே, அந்த வரிக்கு என்ன வேண்டும் என்று பிராசஸர் டி.ஐ.ஏ. என்ற சிப்புக்குச் சொல்லிக்கொண்டே கூட ஓட வேண்டும். ஒரு வரிக்குக் கிடைப்பது 76 சைக்கிள். மிகக் குறைந்த இன்ஸ்ட்ரக்ஷனுக்கே இரண்டு சைக்கிள் ஆகும் என்றால், வரிக்கு 38 இன்ஸ்ட்ரக்ஷன் தாண்டாது. தவறினால் படம் கிழிந்துவிடும். மொத்தப் புரோகிராமும் 8 கிலோ பைட். மெஷினோ ஒரு நேரத்தில் 4-தான் பார்க்கும். பேங்க் மாற்றி மாற்றி ஓட்டணும். இந்த இடுக்கில் ஆறு பக்க உலகம், நீளுகிற கழுத்து, துரத்துகிற ஆட்கள், ஆரம்பத்தில் இசையோடு ஈ.டி.யின் பெரிய முகம் ஒன்று. அந்த முகத்தை ஒரு நாள் நிறுத்திவைத்து வரி வரியாகப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, அழகு!

அப்படியென்றால் ஏன் விழுகிறது? இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. டி.ஐ.ஏ. சிப்பில் இரண்டு உருவம் ஒரு புள்ளியில் தொட்டாலே அதைக் குறித்துக்கொள்கிற வசதி உண்டு. விளையாட்டிலும் அதே கதைதான்: ஈ.டி.யின் எந்தப் புள்ளி குழியில் பட்டாலும் விழும். நம் கண்ணுக்கோ, கால் தரையில் இருக்கு, தலை மட்டும் குழிக்கு மேல் தெரிகிறது. நாம் பார்ப்பது சாய்ந்த காட்சி. மெஷின் பார்ப்பது தட்டை. 2013-இல் ஒரு ரசிகர் இந்தப் புரோகிராமை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, வேண்டிய பைட்டுகளை மட்டும் மாற்றி, கால் பட்டால்தான் விழும்படி செய்து காட்டினார். மாற்றிய இடங்கள் கொஞ்சம்தான். அதை விளையாடிப் பாருங்கள், முப்பது வருடம் திட்டு வாங்கின விளையாட்டா என்று கேட்பீர்கள்.

"அதுக்காக, அஞ்சு வாரத்துல செஞ்சான்னு காசு கொடுத்தவன் பொறுத்துக்கணுமாடா?" என்றான் ரூம்மேட். நியாயமான கேள்வி. பொறுத்துக்க வேண்டாம். மெஸ் அண்ணனுக்கு நேரமில்லை என்பதால் வேகாத சோறு வெந்ததாகிவிடாது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அழுத பிள்ளைகள் பக்கம்தான் நானும். ஐந்து வாரம் கொடுத்துவிட்டு, ஆட்டம் எப்படி வரும் என்றே தெரியாமல் லட்சக்கணக்கில் அடிக்கச் சொன்ன நிர்வாகத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. முடியும் என்று சொன்ன வார்ஷாவுக்கும் அதில் பங்கு உண்டு. இது நல்ல விளையாட்டு என்று நான் சொல்லவே இல்லை. இதில் நல்லது நிறைய இருக்கு என்கிறேன். இரண்டும் வேற வேற.

2014 ஏப்ரலில் அந்தக் குப்பைக் கிடங்கைத் தோண்டினார்கள், படமெல்லாம் எடுத்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் கேட்ரிட்ஜ் கிடைத்தது. அதை ஏலத்தில் ஆசை ஆசையாய் வாங்கினவர்களும் உண்டு. எனக்கு அந்த ஆசை புரியவில்லை. தோல்வியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதற்கும், ஒரு ஆட்டம் உட்கார்ந்து ஆடுவதற்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா?

ஒரு குழியில் வாடின பூ ஒன்று கிடக்கும். போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் போய்க் கழுத்தை நீட்டினால் பூ நிமிரும். சில நிபந்தனைகள் கூடி வந்தால், அந்தப் பூ வார்ஷாவின் பழைய விளையாட்டில் வந்த 'யார்' ஈயாக மாறிப் பறந்துபோகும்! ஐந்து வாரத்தில் அந்த மனிதருக்கு இதற்கு நேரம் இருந்திருக்கு பாருங்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்து எழுதினாரோ. முதல் தடவை அந்தப் பூ நிமிர்ந்தபோது ஹாஸ்டலில் யாரும் விழித்திருக்கவில்லை. எழுப்பிக் காட்டலாமா என்று கூட நினைத்தேன்.

இப்போது எங்கள் பேட்ச் நிலவரம். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டக்டக் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரெடிமேடாக விற்கிற கடையில் ஒன்று வாங்கிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ரிப்போர்ட், சி.டி. எல்லாம் சேர்த்தே தருவானாம். நான் முடியாது என்றேன். ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. அப்புறம் நாலாவது ஆள் என் பக்கம் வந்தான், இரண்டுக்கு இரண்டு. கைடு சார் சிரித்துக்கொண்டே, "முதல்ல அது ஏன் டக்டக்குன்னு அடிக்குதுன்னு எழுதிக் கொண்டாங்கப்பா" என்றார். எழுதினோம். மேலே ஒரு புரோப், கீழே ஒரு புரோப். மேலது தொட்டால் ஆஃப், கீழது காய்ந்தால்தான் ஆன். நடுவில் எவ்வளவு அலை அடித்தாலும் ரிலே அசையாது. புரோகிராமில் சேர்ந்தது ஏழே வரி. போன ஞாயிற்றுக்கிழமை வராண்டாவில் பக்கெட்டை வைத்து ஓட்டினோம். மேல் பக்கெட் ஒரு தடவை நிரம்பி முடிய ரிலே இரண்டே தடவை அடித்தது: ஒன்று போடும்போது, ஒன்று அணையும்போது. கடைக்குப் போகலாம் என்றவர்களில் ஒருவன்தான் தண்ணீர் ஊற்றினான். இன்னொருவன் இன்னும் கடை நம்பரை போனில் வைத்திருக்கிறான், அது அவன் இஷ்டம்.

அந்தத் தொட்டியில் இன்னொரு வேலையும் எக்ஸிபிஷன் அன்றே ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. சம்ப்பில் தண்ணீர் இல்லை என்றால் மோட்டார் ஓடாது, காய்ந்து கருகாது. வைவா அன்றைக்கு எல்லாரும் வாருங்கள். கீழ் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு ஒரு தடவை ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். சிரிப்பதாயிருந்தால் அப்புறம் சிரிக்கலாம்.