கியரா? ஆட்டோமேட்டிக்கா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

நம் கல்லூரியில் சொந்தமாகக் கார் வைத்திருக்கும் மாணவர் ஒருவரும் இல்லை. ஆயினும் கார்களைப் பற்றி விவாதிக்காத நண்பகல் இடைவேளை ஒன்றும் இல்லை. மரத்தடியில் ஒரு கைப்பேசியைச் சுற்றி ஐந்தாறு தலைகள் குனிந்திருந்தால், அது கிரிக்கெட்டாக இருக்கும். இல்லையேல் காராக இருக்கும். அவ்விவாதங்களில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியையே இக்கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். ஸ்போர்ட்ஸ் கூபே என்னும் இரண்டு கதவு விளையாட்டுக் கார் ஒன்றைப் பழைய வண்டியாக விலைக்கு வாங்குவதானால், கையால் கியர் மாற்றும் வண்டியை வாங்குவதா, தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்கை வாங்குவதா?

“டவுன் பஸ்ஸில் வருகிறவனுக்கு ஏன் இந்த ஆராய்ச்சி?” என்று சிலர் நகைக்கலாம். நாம் நிலவைப் பற்றியும் படிக்கிறோம். அங்கே மனை வாங்கவா படிக்கிறோம்? ஒரு பொருளை ஆராய அதைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டியதில்லை. மேலும், என் தந்தை லாரி ஓட்டுநர். கியரும் கிளச்சும் எங்கள் வீட்டில் அரிசி பருப்பைப் போல அன்றாடச் சொற்கள். ஆகவே எனக்கு இதில் பேச உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

முதலில், கியர் எதற்கு? ஓர் எஞ்சின் எல்லாச் சுழற்சி வேகத்திலும் ஒரே அளவு திருப்பு விசையைத் தருவதில்லை. மெதுவாகச் சுழலும்போது அதன் வலிமை குறைவு. மிக வேகமாகச் சுழன்றால் அதற்கே ஆபத்து. இடைப்பட்ட வேகத்தில் எஞ்சினை வைத்துக்கொண்டு, சக்கரத்தை மட்டும் மெதுவாகவும் விரைவாகவும் சுழலச் செய்வதே கியரின் வேலை. அதை மாற்றும் கணத்தில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் உள்ள பிடியை விடுவிக்க வேண்டும். கையால் மாற்றும் வண்டியில் இதைச் செய்வது கிளச். நம் ஆய்வகச் சுவரில் நிலைமத் திருப்புத்திறன் காணச் சுழற்றுகிறோமே, அதைப் போன்ற ஒரு ஃப்ளைவீல் எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிறது. அதன்மேல் ஓர் உராய்வுத் தகடு அழுந்தி நிற்கிறது. மிதியை அழுத்தினால் பிடி விடும். காலை எடுத்தால் மீண்டும் பிடிக்கும். அவ்வளவுதான்.

ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தகட்டின் வேலையை எண்ணெய் செய்கிறது. ஓடும் மின்விசிறி ஒன்றின் எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால், காற்றின் வேகத்தில் அதுவும் சுழலத் தொடங்கும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தால் அதுவே அடிப்படைத் தத்துவம். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியர் 1905-இல் கப்பல்களுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். முழுமையான ஆட்டோமேட்டிக் கியர் பெருமளவில் விற்பனைக்கு வந்தது அமெரிக்காவின் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில்.

இனி நம் கேள்விக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி 2012-இல் வெளியிட்ட டொயோட்டா 86 என்னும் வண்டியைக் கொள்வோம். 2 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ 200 குதிரைத்திறன், பின் சக்கர இயக்கம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய வண்டிச் சந்தையில் இளைஞர்கள் தேடிப்போகும் வண்டி இது. ஒரே எஞ்சினுக்கு இரண்டு வகைப் பெட்டிகள்: 6 கியர் மேனுவல், 6 கியர் ஆட்டோமேட்டிக். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது அரிது.

நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, நிறுவனம் ஐரோப்பாவில் அறிவித்த கணக்குப்படி, மேனுவலுக்கு 7.6 வினாடி, ஆட்டோமேட்டிக்கிற்கு 8.2 வினாடி. வேகத்தில் கை வென்றது. எரிபொருளிலோ நிலைமை மாறுகிறது. 2013-ஆம் ஆண்டு மாடலுக்கு அமெரிக்க அரசு தந்த அளவுகளை நம் கணக்கிற்கு மாற்றினால், மேனுவல் லிட்டருக்கு நகரில் 9.4, நெடுஞ்சாலையில் 12.8 கிலோமீட்டர் ஓடும். ஆட்டோமேட்டிக் முறையே 10.6, 14.5 கிலோமீட்டர் ஓடும். இதற்கு மந்திரம் ஏதும் இல்லை. மேனுவலின் ஆறாவது கியர் விகிதம் 0.767, ஆட்டோமேட்டிக்கில் அது 0.582. ஆகவே ஆறாவது கியரில் ஒரே வேகத்தில் செல்லும்போது, ஆட்டோமேட்டிக்கின் எஞ்சின் ஏறத்தாழ நூற்றுக்கு 24 பங்கு குறைவாகச் சுழல்கிறது. குறைவாகச் சுழன்றால் குறைவாகக் குடிக்கிறது.

ஆக, ஆளுக்கு ஒரு வெற்றி. எண்கள் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை.

“கையால் மாற்றினால்தான் வேகம்” என்று நம் நண்பர்கள் சொல்வதும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. போர்ஷே நிறுவனம் 2008-இல் தன் 911 வண்டியில் இரட்டைக் கிளச் பெட்டியைக் கொண்டுவந்தது. ஒரு கிளச் ஒரு கியரைப் பிடித்திருக்கும்போதே, மற்றொன்று அடுத்த கியரோடு ஆயத்தமாக நிற்கும். எந்த மனிதக் கையும் அதனோடு போட்டியிட இயலாது. 2013-இல் அந்நிறுவனம் 911 ஜி.டி.3 என்னும் பந்தய இன வண்டியைத் தானியங்கிப் பெட்டியோடு மட்டுமே வெளியிட்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. 2016-இல் 911 ஆர் என்ற பெயரில், மேனுவல் கியரோடு மட்டும் 991 வண்டிகளைச் செய்தார்கள். 2017-இல் ஜி.டி.3-க்கே மீண்டும் மேனுவலைத் தேர்ந்துகொள்ளும் வசதி தந்தார்கள். வேகத்தில் தோற்ற பிறகும் மேனுவல் திரும்பி வந்தது என்றால், மக்கள் அதை வேகத்திற்காக விரும்பவில்லை என்பதுதானே பொருள்? பின் எதற்காக?

இதே கேள்வியை என் தந்தையிடம் கேட்டேன். நாமக்கல்லிலிருந்து வடக்கே லாரி ஓட்டிச் செல்லத் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. வெளிநாட்டில் சிலர் கூடுதலாகப் பணம் கொடுத்துக் கிளச் வைத்த வண்டியைத் தேடி வாங்குகிறார்கள் என்றதும், இடது முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “காசு குடுத்துக் கிளச்ச மிதிக்கறதுக்கும் ஆளு இருக்குதா கண்ணு?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஒரு கேள்வியில் என் விடை தெளிந்தது. கிளச்சை மிதிப்பது சிலருக்கு வேலை, சிலருக்கு விளையாட்டு. மலைப்பாதையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வளைவுக்கு வளைவு கியர் மாற்றி மகிழ்கிறவனுக்கு அது இன்பம். சோதனைச் சாவடி வரிசையில் பத்தடிக்கு ஒருமுறை மிதித்து மிதித்து நகர்கிறவனுக்கு அது மூட்டுவலி. இரண்டும் ஒரே மிதிதான். மிதிக்கின்ற காலின் நிலைதான் வேறு. “ஆட்டோமேட்டிக் ஓட்டுவதெல்லாம் ஓட்டுவதா?” என்று மரத்தடியில் ஏளனம் பேசுகிற நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இடது காலில் குறையுள்ள ஒருவருக்கு ஆட்டோமேட்டிக் என்பது சோம்பல் அன்று, விடுதலை.

ஆனால் விளையாட்டுக் கூபே என்பது எப்படிப்பட்ட வண்டி? பின்னிருக்கை பெயரளவுக்கு, சாமான் வைக்க இடம் குறைவு, குடும்பத்தோடு திருமணத்திற்குப் போக உதவாது. ஓரிடத்திற்குச் சென்று சேர வேண்டும் என்பதற்காக மட்டும் எவரும் அதை வாங்குவதில்லை, ஓட்டுவதற்காகவே வாங்குகிறார்கள். ஓட்டும் செயலையே விலை கொடுத்து வாங்கிவிட்டு, அதில் ஒரு பாதியை இயந்திரத்திடம் ஒப்படைப்பது, பந்து விளையாடப் போய் ஆள் வைத்துப் பந்தை உதைப்பது போன்றது. ஆகவே அந்த ஓர் இன வண்டிக்கு, என் தேர்வு மேனுவலே.

பழைய வண்டி என்பதால் இன்னொரு காரணமும் சேர்கிறது. மேனுவலின் தேய்மானம் வாங்குகிறவனின் கைக்கும் காலுக்கும் தெரியும். நாலாவது கியரில் மெதுவாகச் சென்றுகொண்டே ஆக்ஸிலேட்டரை அழுத்த வேண்டும். எஞ்சின் மட்டும் உறுமி, வண்டி வேகம் பிடிக்காவிட்டால் கிளச் தகடு தேய்ந்துவிட்டது. கியர் மாற்றும்போது பற்கள் உரசும் சத்தம் வந்தால், பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் வளையங்கள் தேய்ந்துவிட்டன. இவை என் தந்தையின் கால் அறிந்த பாடங்கள். அவற்றின் காரணத்தை மட்டுமே நான் இங்கு வந்து புத்தகத்தில் படித்தேன். கிளச் தகடு தேயவே பிறந்த பொருள். அதை மாற்றினால் தீர்ந்தது. செலவையும் முன்னரே கேட்டு விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

ஆட்டோமேட்டிக்கிலும் சில அடையாளங்கள் உண்டு. எண்ணெய் கருத்துத் தீய்ந்த வாடை வீசினாலோ, கியரில் போட்ட பின் சற்றுத் தயங்கி வண்டி உதறிக் கிளம்பினாலோ விலகிவிடுவது நல்லது. ஆனால் உள்ளே வால்வுகள், மின்னணுச் சாதனங்கள், பல அடுக்குத் தகடுகள் என நோய் எங்கே என்று அறியவே தனித் தேர்ச்சி பெற்றவர் வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. மேனுவல் கூபேயை முன்பு வைத்திருந்தவர் அதை வதைத்திருக்கவும் வாய்ப்பு அதிகம். ஐந்தாவதிலிருந்து நாலாவதுக்கு வருவதற்குப் பதில் தவறி இரண்டாவதில் போட்டுவிட்டால், எஞ்சின் தன் எல்லையைத் தாண்டிச் சுழன்று சேதமாகும். ஆட்டோமேட்டிக்கில் கணினி அதற்கு இடம் தராது. ஆகவே மேனுவல் வாங்குகிறவர் கியர்ப் பெட்டியை மட்டும் சோதித்துத் திருப்தி அடையாமல், எஞ்சினையும் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்ட வேண்டும்.

ஜப்பானில் 1991 முதல் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டுமான ஓட்டுநர் உரிமம் தரப்படுகிறது. பிரிட்டனிலும் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதியவர் அதை மட்டுமே ஓட்டலாம். மின்சாரக் கார்கள் பெரும்பாலானவற்றில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. இப்படியே போனால், கிளச்சும் கியரும் நாளை பழைய வண்டிகளில் மட்டுமே எஞ்சும். அதற்காகக் கண்ணீர் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூலிக்கு மிதிப்பவரின் காலிலிருந்து கிளச் மறையட்டும். விரும்பி மிதிப்பவரின் காலடியில் இருக்கட்டும். எதை இயந்திரத்திடம் விடுவது, எதைத் தன் கையில் வைத்துக்கொள்வது என்பதை விற்பவரோ நாகரிகமோ முடிவு செய்யக் கூடாது. வண்டியின் உள்ளே நடப்பது என்ன என்று அறிந்து, அதை ஓட்டப்போகிறவரே முடிவு செய்ய வேண்டும். இதுவே என் கருத்து.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படித்து வேலைக்குப் போய் என் தந்தைக்கு ஒரு கார் வாங்கிக் கொடுக்கும் நாள் வந்தால், அது ஆட்டோமேட்டிக்காகவே இருக்கும். அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பின், எனக்கென்று ஒரு பழைய கூபேயை வாங்கும் வசதி வந்தால், அதில் கிளச் இருக்கும். வாங்குவதற்கு முன் அதை மிதித்துப் பார்த்துச் சொல்ல அவரையே அழைத்துப் போவேன்.