ஈஸ்டும் குடியானவனும்

உயிர்களை வேண்டியபடி திருத்தி அமைக்கும் நவீன சாஸ்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "பிரம்மாவின் தொழிலில் மனிதன் கை வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு ஓய்ந்துபோகிறோம். பிரம்மா தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்வார். நமக்குக் கவலை குடியானவனைப் பற்றித்தான்.

மலேரியா ஜுரத்தைத் தணிக்கும் ஆர்ட்டிமிஸினின் என்ற சத்தைச் சீனத்து அம்மையார் தூ யூயூவின் குழுவினர் 1972-ல் ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். (அச்செடி நம் மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட உறவு.) சீனாவிலும் வியத்நாமிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சிறு குடியானவர்கள் அதைப் பயிரிடலானார்கள். விளைச்சல் மிகுந்தால் விலை விழும், விலை விழுந்தால் மறு வருஷம் விதைப்பாரில்லை, மருந்துக்குப் பஞ்சம்.

பெர்க்லி சர்வகலாசாலையின் ஜே கீஸ்லிங்கும் அவர் சகாக்களும் இதற்குப் பரிகாரம் கண்டார்கள். ரொட்டியைப் புளிக்க வைக்கும் ஈஸ்டுக்குள் அச்செடியின் ஜீன்களைப் புகுத்தி, மருந்தின் மூலப்பொருளை அது தயாரிக்கும்படி செய்துவிட்டதாக 2006-ல் அறிவித்தார்கள். ஸனோஃபி கம்பெனி 2013-ல் இத்தாலியில் கரேஸியோ என்னும் ஊரில் உற்பத்தி தொடங்கிற்று. லாபமின்றி விற்பதாக ஏற்பாடு. வருஷத்துக்கு 60 டன் வரை எதிர்பார்ப்பு.

ஒரு குழந்தையின் ஜுரம் தணியுமானால், எத்தனை காணிப் பயிர் போனாலும் போகட்டும் என்றே நமக்கும் தோன்றுகிறது. ஆனால் போவது நம்முடைய பயிர் அல்லவே!

நடந்ததோ வேறு. செடிச் சத்தின் விலை கிலோ 250 டாலருக்கும் கீழே இறங்கிற்று. ஆலைச் சரக்குக்கு 350 டாலருக்குக் குறைந்து கட்டவில்லை. 2015-ல் உற்பத்தியே இல்லை. மறு வருஷம் ஆலையை விற்றுவிட்டுக் கம்பெனி வேறு வேலையைப் பார்க்கப் போயிற்று. ஈஸ்ட் ஜெயித்திருந்தால், குடியானவன் எதை விற்றுவிட்டு எங்கே போயிருப்பான்?

இந்தக் கேள்வி நம் தேசத்துக்குப் புதிதன்று. 1897-ல் ஜெர்மானியரின் ரஸாயன நீலம் கடைக்கு வந்தது. அவுரி நீலத்தின் விலை சரிந்ததும், சம்பாரண் ஜில்லாவின் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் அந்த நஷ்டத்தைத் தாங்கள் ஏற்றார்களில்லை. அவுரி பயிரிடும் கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லிக் குத்தகையை உயர்த்தினார்கள், ரொக்கமாகவும் கறந்தார்கள். 1917-ல் காந்தியடிகள் அங்கே சென்று விசாரித்த கொடுமைகளில் இதுவும் ஒன்று. ரஸாயன சாஸ்திரி ஒரு பாவமும் அறியார். சம்பாரண் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவருக்குத் தெரிந்திராது. நாம் சொல்லும் குறையே அதுதான்.

இப்பொழுது ஈஸ்ட், சீனித்துளசியின் இனிப்பையும் செய்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் 2019-ல் இதற்கென்று பெரிய ஆலையே திறந்தார்கள். சீனித்துளசி பராகுவே நாட்டுச் செடி. அங்கே அதைப் பயிரிடுகிறவர்களிடம் யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா?