படம்: இணையம்

2019 ஆம் ஆண்டு மே மாதப் பிற்பகுதியில் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் ஒரு படம் வெளிவந்தது. எவரெஸ்ட் உச்சிக்குச் செல்லும் ஒடுங்கிய முகட்டிலே மலையேறிகள் ஒருவர் முதுகை ஒருவர் முட்டியபடி வரிசையில் நிற்கும் காட்சி. வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நான் பணியாற்றிய பத்திரிகையும் அதனைப் பிரசுரித்தது. கீழே "படம்: இணையம்" என்று போட்டிருந்தோம். அந்தப் பக்கத்தைப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவன் நானேதான்.

இணையம் மலை ஏறுவதில்லை. மே 22 ஆம் திகதி அப்படத்தை எடுத்தவர் நேபாளத்தைச் சேர்ந்த நிர்மல் புர்ஜா. பிரித்தானியப் படையில் கூர்க்கா வீரராக இருந்தவர். அவரும் அதே நெரிசலுக்குள் அகப்பட்டிருந்தவர். இருபுறமும் ஆயிரக்கணக்கான அடிச் சரிவு; சுவாசிக்கக் கிடைக்கும் ஒட்சிசனோ கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றிலொரு பங்குதான். நேபாள அரசு அந்தப் பருவத்தில் 381 பேருக்கு அனுமதி வழங்கியிருந்தது. எவரெஸ்டில் 11 பேர் மாண்டனர். எல்லா மரணங்களுக்கும் நெரிசல்தான் காரணமென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அனுமதிகளின் தொகை பற்றி ஆண்டுதோறும் எழுதப்பட்ட கட்டுரைகள் எழுப்பாத கேள்வியை அந்த ஒரு படம் எழுப்பியது.

இந்த விடயத்தில் தமிழர்களுக்கு ஒரு பழைய உறவும் உண்டு. இன்றைய குமரி மாவட்டத்து நெய்யூரிலும் பின்னர் வேலூரிலும் நெடுங்காலம் சத்திரசிகிச்சை நிபுணராகப் பணிபுரிந்த ஹோவர்ட் சோமர்வெல், 1924 ஜூன் 4 ஆம் திகதி எவரெஸ்டின் வடபுறத்தில் நோர்ட்டன் என்பவருடன் ஏறிக்கொண்டிருந்தார். ஒட்சிசன் சிலிண்டர் இல்லை. ஏறத்தாழ 28,000 அடியில் தொண்டை ரணமாகி அவரால் மேலே செல்ல முடியவில்லை. நோர்ட்டன் தனியே தொடர்ந்தார். கூரை ஓடுகளைப் போலச் சரிந்த பாறைகளின்மீது நோர்ட்டன் நகர்வதை சோமர்வெல் படம்பிடித்தார். அவ்வளவு உயரத்தில் அதுவரை எவரும் படம் எடுத்ததில்லை.

இறங்கும் வழியில் அவருக்குத் தொண்டை அடைத்தது. மூச்சு வரவில்லை, முன்னே சென்ற நோர்ட்டனைக் கூப்பிடக் குரலும் இல்லை. சோமர்வெல் ஓவியரும் ஆகையால், வரைவதற்காகப் பின்தங்கிவிட்டார் என்றே நோர்ட்டன் எண்ணினார். சாவதற்கென்று பனியில் அமர்ந்த சோமர்வெல், கடைசி முயற்சியாகத் தன் நெஞ்சை இரு கைகளாலும் அழுத்தினார். அடைப்பு இரத்தத்துடன் வெளியே வந்தது.

அந்தப் பயணத்திலேதான் மலோரிக்குத் தன் கொடக் கமெராவை இரவல் கொடுத்ததாகவும் அவர் எழுதியுள்ளார். மலோரியின் உடல் 1999 இல் கிடைத்தது. உடன் சென்ற ஏர்வினின் பாதமொன்று 2024 இல் கிடைத்தது. கமெரா கிடைக்கவில்லை. அது கிடைத்தால் எவரெஸ்ட் வரலாற்றையே திருத்தி எழுதவேண்டி வரலாம் என்று நம்புவோர் இன்றும் உளர்.

1953 மே 29 ஆம் திகதி உச்சியில் டென்சிங் நிற்கும் படம் நம் பாடப்புத்தகக் காலத்திலிருந்தே பழக்கமானது. ஹிலாரி அங்கே நிற்கும் படம் இல்லை, எடுத்தவர் அவரல்லவா! தான் எடுப்பதாகச் சைகை காட்டியும் ஹிலாரி தலையசைத்து மறுத்துவிட்டதாக டென்சிங் தமது சுயசரிதையில் கூறுகிறார். உறையாதிருக்கச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோன கமெராவால் ஹிலாரி நாற்புறமும் இறங்கும் முகடுகளையும் எடுத்துக்கொண்டார். உச்சியை அடைந்ததற்கு அவையே சாட்சி.

சாட்சிக்குப் பெயர் வேண்டும். பெயரில்லாத செய்தியை ஆசிரியபீடத்தில் நாங்கள் மும்முறை விசாரிப்போம். படத்திற்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்? நிற்கவே கூடாத இடத்தில் நின்று, கையுறையைக் கழற்றினால் விரலையே இழக்கக்கூடிய குளிரில் ஒருவன் எடுத்த படம் அது. இடமில்லை என்கிறார்கள் இளைய நண்பர்கள். "இணையம்" என்று போட இடம் இருந்ததே!

மறுநாள் திருத்தம் போடலாமா என்று கேட்டேன். படம் எடுத்தவன் பெயருக்கெல்லாம் திருத்தமா என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.